99 சதவீதம் எங்கே போனது? சைகை மொழிக் கைவடிவங்களைக் கணினிக்குக் கற்பிப்பது பற்றி

குன்னூரில் கணினி அறிவியல் இறுதியாண்டு படிக்கும் மாணவர் ஒருவரின் கேள்விக்கு இங்கே பதில் எழுதுகிறேன். இந்தியச் சைகை மொழியின் விரலெழுத்தில் ஆங்கில எழுத்துகள் 26-க்கும் உரிய கைவடிவங்களை, நண்பர்கள் மூவரைச் செய்யச் சொல்லி, கைப்பேசியில் காணொளியாகப் பிடித்து, எழுத்துக்கு 600 வீதம் 15,600 படங்களாகப் பிரித்தெடுத்திருக்கிறார். அவற்றைக் குலுக்கி, ஐந்தில் நான்கு பங்கை, படத்தைப் பார்த்து எழுத்தைச் சொல்லும் கணினி மாடல் ஒன்றின் பயிற்சிக்கும் ஒரு பங்கை அதன் சோதனைக்கும் ஒதுக்கியபோது துல்லியம் 99 சதவீதத்தைத் தாண்டியிருக்கிறது. அதே மாடலைக் காது கேளாத குழந்தைகள் படிக்கும் பள்ளி ஒன்றுக்குக் கொண்டுசென்றபோது பாதி எழுத்துகள்கூடச் சரியாக வரவில்லை. இன்னும் ஆழமான நரம்பணு வலையமைப்புக்கு (நியூரல் நெட்வொர்க், அதாவது எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்கும் பல அடுக்கு மாடலுக்கு) மாற வேண்டுமா, கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினி வாங்க வேண்டுமா, இதே முறையைத் தமிழ் எழுத்துகளுக்கு விரிக்கலாமா என்று கேட்கிறார்.

முதல் இரண்டுக்கும் வேண்டாம் என்பதே என் பதில். மூன்றாவதைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன்.

பள்ளியில் துல்லியம் குறைந்துவிட்டதாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். குறையவில்லை, அங்கேதான் அது முதன்முறையாக அளக்கப்பட்டது. கைப்பேசி பொதுவாக நொடிக்கு 30 படங்கள் எடுக்கிறது. ஒருவரிடமிருந்து ஓர் எழுத்துக்கு 200 படங்கள் என்றால் அது ஏழு நொடிக்கும் குறைவான ஒரே காணொளி. அடுத்தடுத்த இரண்டு படங்களுக்கு நடுவே நொடியில் முப்பதில் ஒரு பங்குதான் இடைவெளி; அதற்குள் விரல்கள் அசைந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. இவற்றைக் குலுக்கிப் பிரித்தால் ஒரு படம் பயிற்சிக்கும் அதன் இரட்டைப் பிறவி சோதனைக்கும் போய்ச் சேரும். திருப்புதல் தேர்வில் கொடுத்த அதே வினாத்தாளை முழுஆண்டுத் தேர்விலும் கொடுத்துவிட்டு மதிப்பெண்ணைப் பாராட்டுவதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. உங்களிடம் உள்ளவை 15,600 படங்கள் அல்ல, 78 குறுங்காணொளிகள். கைகளின் வகை என்று பார்த்தால் எண்ணிக்கை மூன்று.

அப்படியானால் மாடல் எதைக் கற்றது என்பது அடுத்த கேள்வி. உங்கள் படப்பிடிப்பு எப்படி நடந்தது என்று நீங்கள் சொல்லவில்லை. ஆனால் பெரும்பாலும் எழுத்து வரிசையிலேயே, ஏ-யில் தொடங்கி இசட் வரை, ஓரிரு அமர்வுகளில் எடுத்து முடித்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். நீலகிரியில் இது சமவெளியைவிடப் பெரிய ஆபத்து. காலையில் இங்கே வெயில் கூர்மையாக விழுகிறது; ஒரு விரலின் நிழல் அடுத்த விரலின்மேல் கோடு கிழித்ததுபோலப் படிகிறது. மதியத்துக்குமேல் மேகம் இறங்கிவிட்டால் நிழல் என்பதே இல்லாமல் போய், கைப்பேசி கேமரா தானாகவே வெளிச்ச அளவையும் நிறச் சமநிலையையும் மாற்றிக்கொள்கிறது; தோலின் நிறம் நீலச் சாம்பலாகிறது. பாதி எழுத்துகள் வெயிலிலும் மீதி மேகத்திலும் எடுக்கப்பட்டிருந்தால், விரல்களைப் பார்க்காமலேயே பாதி விடையைக் கண்டுபிடித்துவிடலாம். வலையமைப்புக்குக் கைமேல் தனிப் பற்று ஏதும் இல்லை. பிழையைக் குறைக்க எந்தக் குறிப்பு எளிதாகக் கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும். சுவரின் வண்ணமும் ஸ்வெட்டர் கையின் பின்னலும் அதற்கு விரல் நுனியைவிட எளிய குறிப்புகள்.

இதை இன்றே சோதித்துப் பார்க்கலாம். சோதனைப் படங்கள் ஒவ்வொன்றிலும் கை இருக்கும் பகுதியைச் சாம்பல் நிறக் கட்டம் ஒன்றால் மறைத்துவிட்டு மாடலிடம் கொடுங்கள். கையையே பார்க்காத ஒன்று 26 எழுத்துகளில் ஊகித்தால் ஏறக்குறைய நான்கு சதவீதம்தான் சரியாக இருக்க வேண்டும். அது முப்பது, நாற்பது என்று வந்தால் உங்கள் மாடல் சுவரை வாசிக்கிறது என்று பொருள். 2017இல் வெளிவந்த கிராட்-கேம் என்னும் முறை, படத்தின் எந்தப் பகுதி முடிவைத் தீர்மானித்தது என்பதை வண்ணப் படலமாகக் காட்டும், அதையும் பாருங்கள். ஆனால் எனக்குச் சாம்பல் கட்டத்தின்மேல்தான் நம்பிக்கை அதிகம், ஏனெனில் அது எண்ணாக விடை தருகிறது.

இனிச் செய்ய வேண்டியது, படங்களைப் பிரிக்காமல் ஆட்களைப் பிரிப்பது. ஒருவருடைய கை பயிற்சியில் இருந்தால் அவருடைய ஒரு படம்கூடச் சோதனையில் இருக்கக் கூடாது. பன்னிரண்டு பேர் கிடைத்தால், பதினொருவரை வைத்துப் பயிற்றுவித்து மீதமுள்ள ஒருவரிடம் சோதித்து, இதையே பன்னிரண்டு முறை ஆள் மாற்றிச் செய்யுங்கள். சராசரியோடு, மிகக் குறைவாக வந்தவரின் எண்ணையும் எழுதுங்கள். அறிக்கையை வாசிக்கும் எனக்கு இரண்டாவதுதான் முக்கியம். ஓர் எழுத்துக்கு மூவரிடமிருந்து ஆளுக்கு 200 படங்களைவிட இருபது பேரிடமிருந்து ஆளுக்குப் பத்துப் படங்கள் பல மடங்கு பயன் தரும், அதுவும் எழுத்துகளைக் கலைத்துக் கேட்டு, ஒவ்வோர் எழுத்துக்கும் கையை இறக்கிவிட்டு மறுபடி தூக்கச் சொல்லி எடுத்தால். வெயில், மேகம், மாலை டியூப்லைட் என்று மூன்று வெளிச்சத்திலும் எல்லா எழுத்துகளும் இருக்க வேண்டும். மங்கிய வகுப்பறையில் கேமரா ஷட்டர் மெதுவாக இயங்கி, அசையும் விரல் தேய்ந்து தெரியும். அந்தப் படங்களை அழித்துவிடாதீர்கள், டிசம்பர் மாதத்து ஊட்டியில் உங்கள் கருவி பார்க்கப்போவது அவற்றைத்தான்.

யாருடைய கைகள் என்பதும் எத்தனை கைகள் என்பதற்கு இணையான கேள்வி. உங்கள் நண்பர்கள் காது கேட்பவர்கள், ஓர் எழுத்து அட்டவணையைப் பார்த்துச் செய்தவர்கள் என்று எண்ணுகிறேன். அப்படிச் செய்பவர்கள் விரல்களை விறைப்பாக, அட்டவணைப் படத்தைப் போலவே வைத்துக்கொள்வார்கள். நாள்தோறும் விரலெழுத்தில் பெயர்களைச் சொல்லும் குழந்தையின் கை அப்படி இருக்காது. முந்தைய எழுத்திலிருந்து வெளியேறும்போதே அடுத்ததற்கு வளையத் தொடங்கியிருக்கும். இன்னொரு சிக்கல், அட்டவணையில் உள்ளவர் நம்மைப் பார்த்து நிற்பதால், கற்பவர் கண்ணாடியைப் பார்ப்பதுபோல இடவலம் மாற்றிச் செய்துவிடுவது. முன்பக்கக் கேமராவில் எடுத்திருந்தால் குழப்பம் இரட்டிப்பாகும்: திரையில் தெரிவது கண்ணாடிப் பிம்பம், சேமிக்கப்படும் படம் சில கைப்பேசிகளில் நேராகவும் சிலவற்றில் பிம்பமாகவும் இருக்கும். பள்ளியில் வேறு கைப்பேசியைப் பயன்படுத்தியிருந்தால், உங்கள் பிழைகளில் ஒரு பகுதி இதிலிருந்தே வந்திருக்கக்கூடும்.

இடவலம் நமக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இந்தியச் சைகை மொழியின் விரலெழுத்து பெரும்பாலும் இரு கைகளால் ஆனது. அது பிரிட்டிஷ் முறையோடு உறவுடையது. அமெரிக்க முறை ஒரே கையால் ஆனது. இணையத்தில் எளிதாகக் கிடைக்கும் 'சைன் லாங்குவேஜ் எம்னிஸ்ட்' என்னும் படத்தொகுப்பு அமெரிக்க முறைக்கு உரியது. 28-க்கு 28 புள்ளி அளவுள்ள சாம்பல் படங்கள், பயிற்சிக்கு 27,455, சோதனைக்கு 7,172. அசைவு தேவைப்படும் ஜே, இசட் இரண்டும் அதில் இல்லை. தமிழ்நாட்டுக் கல்லூரித் திட்டங்களில் இதை வைத்துப் பயிற்றுவித்துவிட்டு 'இந்தியச் சைகை மொழி' என்று அட்டையில் அச்சிடுவதை அடிக்கடி காண்கிறேன். குன்னூர்ப் பள்ளிக் குழந்தைக்கு அது வேறு நாட்டு எழுத்து. நீங்கள் சொந்தமாகப் படம் எடுத்தது இந்த வகையில் சரியான முடிவு.

இரு கை எழுத்துகளில் கடினமான இடம் உயிரெழுத்துகள். ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஐந்தும் ஒரு கையின் சுட்டுவிரல் மற்றக் கையின் பெருவிரல் முதல் சுண்டுவிரல் வரை எந்த நுனியைத் தொடுகிறது என்பதால் மட்டுமே வேறுபடுகின்றன. எம், என் இரண்டும் உள்ளங்கையில் மூன்று விரல் வைத்ததா இரண்டு வைத்ததா என்பதில் பிரிகின்றன. முழுப் படத்தில் இந்த வேறுபாடு ஓரிரு சென்டிமீட்டர்தான். படத்தை மிகவும் சுருக்கினால் அது கரைந்துபோகும். உங்கள் பிழைகளை எழுத்துவாரியாக ஓர் அட்டவணையில் போட்டுப் பாருங்கள், எந்த எழுத்து எதுவாகத் தவறாக வாசிக்கப்பட்டது என்று. ஈ-யும் ஐ-யும் ஒன்றோடொன்று குழம்பினால் அது விரல் சிக்கல், தீர்க்கலாம். ஈ-யானது சி-யாக வாசிக்கப்பட்டால் அது சுவர் சிக்கல்.

இப்போது மாடலுக்கு வருகிறேன். இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, படத்தையே வலையமைப்புக்குக் கொடுப்பது; ஏற்கெனவே லட்சக்கணக்கான பொதுப் படங்களில் பயிற்சி பெற்ற மொபைல்நெட் போன்ற சிறிய ஒன்றை எடுத்து, கடைசி அடுக்குகளை மட்டும் நம் எழுத்துகளுக்குப் பழக்குவது. மற்றது, கூகுளின் மீடியாபைப் கருவியால் முதலில் கையின் மூட்டுப் புள்ளிகளைக் கண்டெடுத்து, அவற்றின் இடத்தைக் குறிக்கும் எண்களை மட்டும், எந்த எழுத்து என்று முடிவுசெய்யும் நிரலான வகைப்படுத்தியிடம் கொடுப்பது. அது ஒரு கைக்கு மணிக்கட்டு ஒன்று, விரலுக்கு நான்கு என 21 புள்ளிகள் தரும். புள்ளிக்கு மூன்று எண்கள் என்றால் கைக்கு 63, இரு கைகளுக்கு 126. சுவர், ஸ்வெட்டர், மேகம், தேயிலைக் கொழுந்து பறித்துக் கறையேறிய விரல் நுனி எதுவும் இந்த எண்களில் இல்லை. உங்கள் அளவுள்ள தரவுக்கு நான் இரண்டாவது வழியையே பரிந்துரைப்பேன். பல முடிவு மரங்களின் வாக்கைக் கூட்டி விடை சொல்லும் ரேண்டம் ஃபாரஸ்ட் போன்ற எளிய முறையே போதும். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மடிக்கணினியில் சில நிமிடங்களில் பயிற்சி முடிந்துவிடும். முதல் வழியை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால் இணையம் வழியாகக் கணினியைப் பயன்படுத்தத் தரும் கூகுள் கோலாபின் இலவச வசதி தாராளமாகப் போதும்.

இதில் ஒரு நுணுக்கம் பலருக்கும் தவறிவிடுகிறது. கை பெரியதா சிறியதா, கேமராவுக்கு அருகிலா தொலைவிலா என்ற வேறுபாட்டை நீக்க, எல்லாப் புள்ளிகளிலிருந்தும் மணிக்கட்டின் இடத்தைக் கழித்து, உள்ளங்கை நீளத்தால் வகுப்பது வழக்கம். குழந்தைகளின் கையும் பெரியவர்களின் கையும் ஒரே அளவுக்கு வர இது அவசியம். ஆனால் இரண்டு கைகளுக்கும் இதைத் தனித்தனியாகச் செய்தால், ஒரு கை மற்றதற்கு எங்கே இருக்கிறது என்ற செய்தியே அழிந்துவிடும். உயிரெழுத்துகள் ஐந்தும் ஒன்றாகிவிடும். ஒரே மணிக்கட்டை இரு கைகளுக்கும் தொடக்கப் புள்ளியாக வையுங்கள். கூடவே ஒரு கையின் சுட்டுவிரல் நுனிக்கும் மற்றக் கையின் ஐந்து நுனிகளுக்கும் இடையேயுள்ள தொலைவுகளைத் தனி எண்களாகச் சேருங்கள். கைகள் ஒன்றையொன்று மறைக்கும் எழுத்துகளில் மீடியாபைப் ஒரு கையை அடியோடு தவறவிடும். அது நிகழும் இடங்களில் படத்தின் கைப்பகுதியை வெட்டி முதல் வழிக்கு அனுப்பும் கலப்பு முறை உதவும், ஆனால் அதை முதல் நாளே கட்டத் தொடங்காதீர்கள். எத்தனை படங்களில் கை தவறுகிறது என்று எண்ணிய பிறகு முடிவு செய்யலாம்.

படங்களைச் செயற்கையாகப் பெருக்குவதில் எச்சரிக்கை தேவை. இடவலம் திருப்புவது இங்கே பொருந்தும், ஏனெனில் இடக்கைப் பழக்கமுள்ளவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். பத்துப் பதினைந்து பாகை சாய்ப்பதும் பொருந்தும். தலைகீழாக்குவதும் தொண்ணூறு பாகை சுழற்றுவதும் பொருந்தா. கை எந்தத் திசையை நோக்குகிறது என்பதும் எழுத்தின் ஒரு பகுதி. ஆயத்த நிரல்களில் இவை எல்லாம் ஒரே வரியில் இயக்கப்பட்டிருக்கும். படித்துப் பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள். எழுத்து எதுவும் இல்லை என்ற 27ஆவது வகையையும் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் மூக்கைச் சொறிந்தாலும் கருவி ஓர் எழுத்தைச் சொல்லும்.

உங்கள் கேள்வியின் தலைப்பில் 'சைகை மொழிபெயர்ப்பி' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெயரைக் கைவிடச் சொல்வேன். வில்லியம் ஸ்டோக்கோ என்னும் அமெரிக்க மொழியியலாளர் 1960இல், சைகை ஒவ்வொன்றும் கைவடிவம், அது நிகழும் இடம், அசைவு ஆகிய கூறுகளால் ஆனது என்று காட்டினார். கை நோக்கும் திசையும் முகக்குறிப்பும் பின்னர் இவற்றோடு சேர்க்கப்பட்டன. நீங்கள் படிப்பது இவற்றுள் ஒன்றை மட்டும். விரலெழுத்து என்பது மொழியின் ஓரத்தில் உள்ளது. ஆட்பெயர், ஊர்ப்பெயர், புதிய சொல் ஆகியவற்றுக்கு அது பயன்படும். இந்தியச் சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு: வினாச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வரும், கேள்வியா மறுப்பா என்பதைப் புருவமும் தலையசைவும் தெரிவிக்கும். 2016இல் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர் இருவர் செய்த 'மொழிபெயர்க்கும் கையுறை'க்குப் பெரிய பரிசு கிடைத்தபோது, காது கேளாதோரும் மொழியியலாளர்களும் கண்டித்தது இதனால்தான்; கையுறைக்குப் புருவம் தெரியாது. முழுச் சொற்களை அடையாளம் காண விரும்பினால் நிலைப்படம் போதாது, காணொளி வேண்டும். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 2020இல் வெளியிட்ட 'இன்க்ளூட்' தொகுப்பில் 263 சொற்களுக்கு 4,287 காணொளிகள் உள்ளன. அடுத்த கட்டத்துக்கு அங்கிருந்து தொடங்கலாம்.

உங்கள் திட்டத்துக்கு நான் வேறொரு பயனைப் பரிந்துரைக்கிறேன். அந்தக் குழந்தைகள் ஒரு பெயரைத் தெரிவிக்க விரும்பினால் தாளிலோ கைப்பேசியிலோ எழுதிக் காட்டிவிடுவார்கள். அவர்கள் கையைக் கணினி வாசிக்க வேண்டிய தேவை குறைவு. தேவை மறுபக்கத்தில் இருக்கிறது. கூடலூர், கோத்தகிரி பக்கத்து எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து பிள்ளையை விடுதிப் பள்ளியில் சேர்த்த தாய் தந்தையருக்கு, விடுமுறைக்கு வரும் பிள்ளை பேசும் மொழி தெரிவதில்லை. அருகில் கற்றுக்கொடுக்க ஆளும் இல்லை. அவர்கள் எழுத்துகளைப் பழகும்போது, வைத்த விரல் சரியா என்று கைப்பேசி சொன்னால் அது உதவி. இந்தப் பயனில் ஒருவர் கேமராவை நோக்கி அமர்ந்து, ஓர் எழுத்தைச் செய்து, அசையாமல் காத்திருப்பார். எந்த எழுத்தை முயல்கிறார் என்பதும் கருவிக்கு முன்பே தெரியும். தவறாகச் சொன்னாலும் இழப்பு மிகச் சிறிது. உங்கள் மாடலின் வலிமைக்கு ஏற்ற வேலை இது. வகைப்படுத்தியைச் சிறிய நரம்பணு வலையமைப்பாக அமைத்து, கைப்பேசியில் மாடல்களை ஓட்ட உதவும் டென்சர்ஃப்ளோ லைட் வடிவில், எண்களை எட்டு பிட்டுக்குச் சுருக்கினால் அது சில மெகாபைட்டுக்குள் அடங்கும். சிக்னல் இல்லாத எஸ்டேட்டிலும் ஓடும். சொற்களைக் கற்க, இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2021இல் 10,000 சொற்களாக விரிவாக்கிய அகராதிக் காணொளிகளை அதோடு இணைத்துக் காட்டலாம்.

பயன் மாறினால் சோதனையும் மாறும். அப்போது சோதனையில் இருக்க வேண்டியவை கற்றுக்கொள்ளும் பெற்றோரின் கைகள். எது சரி எது தவறு என்று முத்திரை குத்த வேண்டியவர் சைகை மொழியைத் தாய்மொழியாகப் புழங்கும் காது கேளாத ஆசிரியர் ஒருவர். அவரை நன்றியுரையில் மட்டும் குறிப்பிடாமல், திட்டத்தின் தொடக்கத்திலிருந்தே ஊதியத்தோடு அமர்த்த வழி இருக்கிறதா என்று துறையில் கேளுங்கள். குழந்தைகளைப் படமெடுப்பதாக இருந்தால், 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டோருக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கோருகிறது என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள். தலைமையாசிரியரின் வாய்மொழி அனுமதி அதற்கு ஈடாகாது. முகத்தை வெட்டிவிட்டு மூட்டுப் புள்ளிகளை மட்டும் சேமித்தால் உங்கள் பொறுப்பும் குறையும்.

தமிழ் எழுத்துகளுக்கு விரிப்பது பற்றி: 247 எழுத்துகளுக்கும் தனித்தனி வகை வைக்கத் தேவையில்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என 31 வடிவங்களை அறிந்தால், க் என்பதையும் ஆ என்பதையும் அடுத்தடுத்து வாசித்துக் கா என்று சேர்ப்பது நிரலின் வேலை. 2011இல் தமிழ்நாட்டு ஆய்வாளர் இருவர், வலது உள்ளங்கையின் ஐந்து விரல்களும் நிமிர்ந்தும் மடங்கியும் உண்டாக்கும் 32 சேர்க்கைகளைத் தமிழ் எழுத்துகளுக்கு வைத்து ஒரு முறையை முன்வைத்தார்கள். கணினிக்கு அது மிக வசதியானது, விரலுக்கு ஒரு பிட்: நிமிர்ந்தால் 1, மடங்கினால் 0. கைக்கு அவ்வளவு வசதியில்லை. மோதிர விரலை மட்டும் நிமிர்த்தி மற்ற நான்கையும் மடக்க முயன்று பாருங்கள், தசைநாண்கள் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால் பெரும்பாலோர்க்கு அது பாதியிலேயே நின்றுவிடும். ஆகவே எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது என்பதை ஆய்வுக் கட்டுரைகளை வைத்து முடிவு செய்யாதீர்கள். பள்ளிக்கு அடுத்த முறை போகும்போது மடிக்கணினியை எடுத்துச் செல்லாமல், குழந்தைகள் தங்கள் பெயரையும் ஊரையும் தமிழில் எப்படி விரலெழுத்தாகச் சொல்கிறார்கள், அல்லது ஆங்கில எழுத்திலேயே சொல்கிறார்களா என்று பாருங்கள்; பெரிய வகுப்பிலும் சின்ன வகுப்பிலும் தனித்தனியாகப் பார்ப்பது நல்லது. அதைக் குறித்துக்கொண்ட பிறகு கேமராவைத் திறக்கலாம்.